ஆடாத மவுண்ட்

ஸ்கோப்பத் துப்பாக்கி மேல புடிச்சு வைக்கிற மவுண்ட் அலுமினியத்துல வேணாம் சார், கையிலயே தொடாதீங்க. மான் சுடுற துப்பாக்கின்னா நானே மாட்டிக் குடுப்பேன். இது காட்டெருமைக்கும் யானைக்கும் தூக்குறது. இதோட உதைய அது ரெண்டு வேட்டை கூட தாங்காது. முழு எஃகுதான் போடணும். ஸ்கோப்ப கொஞ்சம் முன்னால தள்ளி வைக்கணும், இல்லாட்டி புருவத்தக் கிழிச்சிரும்.

ஆமா, கழட்டி மாட்டுறதுதான் நல்லது. முள்ளுப் புதருக்குள்ளருந்து எருமை கிட்டத்துல பாயுறப்ப ஸ்கோப்புல கண்ண வச்சா வெறும் கறுப்புதான் தெரியும். இந்த ரெண்டு கொக்கியத் தட்டுனா ஸ்கோப் கையோட வந்துரும். வெறுங்கண்ணால குறி பாத்து அடிச்சிரலாம்.

உங்க பழசும் இதே மாதிரிதானே? அப்புறம் எதுக்கு மாத்துறீங்க?

ஆடுதா? எங்க சார் ஆடுது? நல்லா சுத்தியலாலயே தட்டிப் பாத்துட்டேன். ஒரு திருகு கூட இளகல. கொக்கி சிக்குதா? இந்தா, தட்டுறேன் பாருங்க. வந்துருச்சு. மறுபடியும் பாக்குறீங்களா?

பழசக் குப்பையில போட்டுறவா? அட, அவ்வளவு அவசரமா! விக்டோரியா ஃபால்ஸ்ல கடையே இல்லாத மாதிரி புலவாயோ வரைக்கும் வந்திருக்கீங்க. உக்காருங்க.

ஹார்ட்லி சார்தானே? எப்படித் தெரியுமா? நேத்து போன்ல துப்பாக்கிய வெவரமா சொன்னீங்களே, அதுலயே புரிஞ்சுபோச்சு. வனத்துறை விசாரணையில என்னமோ சொன்னீங்களாமே. மவுண்ட் இளகிருச்சு, கொக்கி சிக்கிருச்சு, ஸ்கோப்ப கழட்ட முடியல, அதான் சுடலன்னு. முன்னால தடம் பாத்துப் போனவன எருமை குத்திக் கொதறுறப்ப நீங்க ஜீப்புக்கு ஓடலயாம், ஆள் கூப்பிடப் போனீங்களாம். அடேங்கப்பா.

துப்பாக்கிய எடுக்காதீங்க சார். அந்த மூலையில பேப்பர் படிச்சிட்டிருக்காரே, அவர் கஸ்டமர் இல்ல. வனத்துறைதான். நான்தான் வரச்சொன்னேன். கொக்கிய ரெண்டாந்தடவ கூட தட்டிக் காட்டவான்னு கேட்டது உங்களுக்காக இல்ல.

லைசென்ஸ் போறது கெடக்கட்டும். ஜெயிலா என்னன்னு அவங்க பாத்துக்கட்டும். வேட்டைக்குத் தடம் பாக்கப் போற பசங்க எல்லாருகிட்டயும் நான் சொல்லிட்டேன். உங்களுக்கு முன்னால நடக்க இனிமே இந்தக் காட்டுல ஒருத்தன் வரமாட்டான்.

என்னைய எங்கயும் பாத்த ஞாபகம் இல்லியா? எப்படி இருக்கும்? அவனப் பொதைக்கிற அன்னிக்கு நீங்க ஜீப்ப விட்டு எறங்கவே இல்லியே. அவன் பேரு முன்சாகா சார். என் தம்பி.