மவுஸைக் குறை சொன்ன பிள்ளை

எல்கடுவ போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துக் குமரிப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். ஒருத்திக்கு மாத்தளையில் ஒரு கந்தோரில் அன்றுதான் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்காதவள்போல இருந்தேன்.

“வேலை கெடச்சதுக்கு யாராச்சும் அழுவாங்களாடி?”

“இன்டர்வியூல கம்ப்யூட்டர்ல ஒரு மழை வரைபடத்த நகத்தி, பெருசாக்கிக் காட்டச் சொன்னாங்க. எனக்கு மவுஸ் புடிக்கத் தெரியாதே. நம்ம தோட்டத்துக் கம்ப்யூட்டர் கிளாஸ்ல மவுஸ் ஏது, கீபோர்டு மட்டுந்தானே?”

“அப்புறம் என்னா செஞ்ச?”

“மவுஸ் வேலை செய்யலைன்னு பொய் சொல்லிட்டேன். அம்புக்குறி கீயத் தட்டியே நகத்துனேன். ஷிப்டையும் சேத்து அமுக்கிப் பெருசாக்குனேன். எல்லாரும் அசந்துட்டாங்க.”

“கெட்டிக்காரிதானே. அதுக்கா அழுவுற?”

“ஈரத்துணியால தொடச்சு மவுஸக் கெடுத்துட்டேன்னு, அங்க கூட்டுற அக்காவ, கந்தோர்ப் பெரிய ஐயா எல்லார் முன்னாலயும் ஏசுனாரு. நான் வாயத் தொறக்கல.”

மற்றவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அந்த அக்கா ஒன்னும் சொல்லலையா?”

“நம்ம தோட்டத்துப் புள்ள ஜெயிச்சிருச்சுன்னு சொல்லி, தேத்தண்ணி ஊத்தித் தந்தாங்க.”

“குடிச்சியா?”

“குடிச்சேன்.”