தேங்காயோடு ஒரு கேசட்

“தேங்காய்க்குப் பதிலா உங்க பாட்டைத் தாம்பூலப் பையில போடுவோம்” என்றாள் முன்சீட்டுப் பெண். செலண்டாரிலிருந்து மலாக்கா போகும் பஸ் அது. மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த எனக்கு வலியே மறந்துவிட்டது. அவள் கையில் ஒரு கேசட். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அட்டையில் இருந்த மீசை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடையதுதான். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனாம். அவன் மடியில் கீபோர்டு. அதை டவுனில் விற்கப் போகிறார்களாம்.

“யாரு ஆல்பம் வாங்குறா? பசார் மாலாம் ராச்சந்தையில கள்ள கேசட் பாதி விலைக்குக் கெடைக்குது. நான் போட்டதெல்லாம் கட்டிலுக்கு அடியில கெடக்கு. பேசாம பேக்டரி வேலைக்கே போறேன்லா.”

“அதான் சொல்றேன். நம்ம கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுப்போம்.”

“விக்காததைத் தலையில கட்டுறான்னு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்லா. தேங்காய மறுநாளே சட்னி அரைச்சிடுவாங்க. கேசட்டு வீட்டுல பாடிக்கிட்டே இருக்கும். அப்புறம் அவங்க வீட்டுக் கல்யாணத்துல பாட யாரைக் கூப்புடுவாங்க? கள்ள கேசட் விக்கிறவனையா?”

அவன் சிரித்துவிட்டான்.

“தேங்கா இல்லன்னா உன் அத்தை மண்டபத்துலயே சண்டைக்கு வருவாங்களே?”

“அப்ப தேங்காயும் இருக்கட்டும், கேசட்டும் இருக்கட்டும்.”

அவன் எழுந்து மணியை அழுத்தினான். டவுன் இன்னும் வரவில்லை. இருவரும் இறங்கியதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். கீபோர்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, செலண்டாருக்குத் திரும்பும் பஸ் நிற்கும் எதிர்ப்பக்கத்துக்குச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.