வேனுக்குள்ள ஒரு சிம்மாசனம்

எல்லாரும் சௌக்கியமா? மூட்டுவலி, முதுகுவலியெல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? என் தம்பி நாப்பது வருஷம் வீடு வீடாப் போய்க் குழாய் போட்ட ஆளு. அவன் பொண்டாட்டி ரிட்டையரான கணக்கு டீச்சர். ரெண்டு பேரும் பழைய வேன் ஒண்ணை வாங்கி, படுக்கை, அடுப்பு, கழிப்பறைன்னு வீடாவே மாத்திட்டாங்க. நாளைக்குக் காலையில டீச்சரோட அக்காவைப் பாக்கக் கிளம்பணும். எட்டு மணி நேரப் பயணம். அக்கா படுத்த படுக்கை. பாத்து நாலு வருஷமாச்சு. தம்பி வண்டிக்கு அடியில வேலை பாக்கறான். நான் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்து கேட்டதை அப்படியே போடறேன்.

டீச்சர்: ...அதுக்காகக் கழிப்பறைக் கோப்பையை இவ்வளவு உயரத்துலயா வைப்பாங்க? உக்காந்தா தலை கூரையில இடிக்குது.

தம்பி: குனிஞ்சு உக்காரு.

டீச்சர்: குனிஞ்சா கதவுல இடிக்குது. ராஜா சிம்மாசனத்துக்கே ரெண்டு படிதான் இருக்கும். இதுக்கு மூணு.

தம்பி: கீழ வளைவுக் குழாய் இருக்குல்ல... அதுக்கு இடம் வேணாமா?

டீச்சர்: அந்த வளைவு எதுக்குங்க?

தம்பி: வளைவுல தண்ணி நிக்கும். அடியில இருக்கிற தொட்டி நாத்தம் மேல ஏறாது. இதுகூடத் தெரியாம முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்க.

டீச்சர்: நாத்தத்தை அடைக்கத்தான் இந்தக் கோப்பைக்கு அடியிலயே ஒரு மூடி இருக்கே. பெடலை மிதிச்சா திறக்குது, விட்டா மூடுது.

தம்பி: அது பொம்மை மூடி. நம்ப முடியாது.

டீச்சர்: சரி, நேத்து ஊறவச்ச காகிதத்தைப் போட்டுப் பாத்தீங்களே... அது தொட்டிக்குப் போய்ச் சேந்துச்சா?

தம்பி: போயிட்டிருக்கு.

டீச்சர்: நடந்தா? இன்னும் வளைவுலயே குடித்தனம் பண்ணுது. வீட்டுல ஒரு வாளி தண்ணி வந்து தள்ளும். இங்க பெடலை மிதிச்சா ஒரு டம்ளர் வருது. அது எதைத் தள்ளும், உங்க பிடிவாதத்தையா?

தம்பி: இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?

டீச்சர்: கோப்பையோட ஒரு காகிதம் வந்துச்சே, அதைப் படிச்சீங்களா?

தம்பி: நாப்பது வருஷம் குழாய் போட்டவனுக்குக் காகிதம் சொல்லித் தரணுமா?

டீச்சர்: படமாவது பாருங்க. வளைவே இல்ல. கோப்பை, நேரா ஒரு குழாய், கீழ தொட்டி. மூணாங்கிளாஸ் பிள்ளைக்குப் புரியும்.

தம்பி: ரம்பத்தை எடு.

டீச்சர்: இதோ. பாருங்க, இன்னிக்குள்ள சரியா வரலைன்னா பயணம் வேணாம். அக்காகிட்ட முட்டி வலின்னு சொல்லிக்கறேன்.

தம்பி: நாலு வருஷமா அதே முட்டி.

டீச்சர்: வலிச்சா வலிக்குதுன்னுதான் சொல்லணும். அதோட, உங்களுக்குத்தானே அரை மணிக்கொரு தரம் வருது? வழியில ஒவ்வொரு கடையா இறங்கி "பாத்ரூம் இருக்கா"ன்னு உங்களுக்காக என்னால கேக்க முடியாது.

தம்பி: ஆமாமா... எனக்குத்தான். வளைவை அறுத்தாச்சு, அந்த ரப்பர் வளையத்தைக் குடு.

டீச்சர்: இந்தாங்க. கோப்பை கீழ இறங்கி நேரா உக்காந்துச்சா?

தம்பி: உக்காந்துச்சு. போல்ட்டையும் இறுக்கிட்டேன். இப்ப நீ மேல ஏறி காகிதத்தைப் போட்டு பெடலை மிதி.

டீச்சர்: மிதிச்சாச்சு.

தம்பி: தொப்புன்னு விழுந்துச்சு. ஒரு சொட்டு கசியல.

டீச்சர்: உக்காந்தும் பாத்துட்டேன். தலை இடிக்கல. நாத்தமும் இல்ல, பொம்மை மூடி நல்லாத்தான் மூடுது.

தம்பி: ஏதோ நீயே கண்டுபிடிச்ச மாதிரி பேசற.

டீச்சர்: படிக்கத் தெரிஞ்சா போதும். சரி, எந்திரிச்சு வாங்க. காலையில ஆறு மணிக்கு வண்டிக்கு அடியில போனவரு, இப்ப மணி ஒண்ணு. முதல்ல பாத்ரூம் போயிட்டு...

தம்பி: எனக்கு வரல. பசிதான் வருது.

டீச்சர்: ஏழு மணி நேரமா வரலையா? அரை மணிக்கொரு தரம் வர்ற ஆளுக்கு?

தம்பி: அந்த ஸ்பேனரை எடுத்து உள்ள வை.

டீச்சர்: ஸ்பேனர் கிடக்கட்டும். இந்த வியாதி உங்களுக்கு எப்பலேருந்துங்க?

தம்பி: கடைசியா உங்க அக்கா வீட்டுக்குப் போனோமே... வழியில எங்க இறங்குறதுன்னு பயந்து, எட்டு மணி நேரம் ஒரு வாய் தண்ணி குடிக்காம வந்து, பஸ்ஸை விட்டு இறங்குனதும் மயங்கி விழுந்தியே. அன்னிலேருந்துதான்.

சரி, நீங்க என்னென்ன சாக்கு சொல்லி எந்தெந்தப் பயணத்தைத் தட்டிக் கழிச்சீங்க? ஒளிக்காம எழுதுங்க, படிக்கறேன்.