ஸ்டிக்கர் ஒட்டாத ஃப்ளாப்பி

வேதா,

நாங்கள் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் எட்டு ஜோடி செருப்பு கிடக்கும். அதில் உன் அண்ணனுடையது எது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். இடது வாரில் ஒரு சேஃப்டி பின் குத்தியிருக்கும். அந்தப் பின் கண்ணில் பட்டால் நான் உள்ளே போவேன். படாவிட்டால் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருப்பேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கேட்டருகே நின்று நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் உனக்குப் புரியும்.

எண்பத்தொன்பதில் எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்தோம். துறையில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. என் அப்பா மறைமலை நகரில் லேத் ஆபரேட்டர். நான் என்ன படிக்கிறேன் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. "டிவி மாதிரி ஒண்ணு கீதாம், இவன் அதாண்ட குந்திகினு தட்டிகினே இருப்பானாம், அதுக்கு ரெண்டு வருசமாம்" என்று என் சித்தி தெருவில் சொல்லுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

என்னோடு யாரும் அதிக நேரம் உட்காருவதில்லை. நான் பேசுவது குறைவு. எதிரில் இருப்பவருக்கு அது சங்கடமாகிவிடும், ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவார்கள். உன் அண்ணன் சுந்தரராமன் ஒருவன்தான் எழுந்து போகாதவன். தாம்பரம் ஸ்டேஷனில் பிளாட்பாரப் பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார்ந்து, மின்சார ரயில்கள் வருகிற நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டிருப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டோம். கடைசியில், "சரி, போலாமாடா ஜெபா" என்பான். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த நேரம் அதுதான்.

அந்த நோட்டுதான் அவனுடைய ப்ராஜெக்ட். பல்லாவரத்தில் ஒரு வண்டி ஏழு நிமிடம் நின்றுவிட்டால் பின்னால் வருகிற வண்டிகள் எவ்வளவு தாமதமாகும், எந்த இடத்தில் அந்தத் தாமதம் சரியாகும் என்று கணக்கிடுகிற புரோகிராம். நாலாயிரம் வரிக்கு மேல் எழுதியிருந்தான். எங்கள் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வாரம் லீவு வேண்டும் என்றார்.

துறையில் இன்னொரு விதியும் இருந்தது. வைரஸ் பயத்தினால் ஃப்ளாப்பிகளை யாரும் வெளியே எடுத்துப் போகக் கூடாது. ஒருவருக்கு ஒரு ஃப்ளாப்பி. காலையில் பெட்டியிலிருந்து எடுத்து, மாலையில் அதே பெட்டியில் வைத்துவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளேயும் எதையும் விட்டுவைக்கக் கூடாது. ஃப்ளாப்பிகளுக்கு எப்போதும் தட்டுப்பாடு. அதனால் மாதக் கடைசிச் சனிக்கிழமையன்று லேப் அட்டெண்டர் குப்புராஜ் பெட்டியைத் திறந்து, வேண்டாதவற்றை எல்லாம் அழித்து ஜூனியர்களுக்குக் கொடுப்பார். வேண்டியது எது, வேண்டாதது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஃப்ளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். அதன்மேல் வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டால், உள்ளே இருப்பதைப் படிக்கலாம், அழிக்க முடியாது. ஸ்டிக்கர் இருந்தால் வேண்டியது. இல்லாவிட்டால் வேண்டாதது.

"எனக்கு இங்கிலீசு தெரியாது சார். ஸ்டிக்கர் தெரியும்" என்பார் குப்புராஜ். "ஒட்னா உயிரு கீது. ஒட்லன்னா காரியம் பண்ணிடுவேன்."

ஏப்ரல் தொண்ணூற்றொன்றில் உன் அண்ணனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. ஜூன் மூன்றாம் தேதி சேர வேண்டும். அதற்குள் வைவா முடிந்து, படிப்பை முடித்ததற்குத் துறையிலிருந்து சான்று வாங்கியாக வேண்டும். பிளாட்பாரத்தில் வைத்துத்தான் என்னிடம் சொன்னான்.

"நீயும் அங்க வந்துடுடா. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கலாம்."

"எனக்கு யார் வேலை குடுப்பா?"

"கெடைக்கும்டா. பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் அங்கே அறை பார்த்தாகிவிட்டது என்றான். கூட இருக்கப்போவது யாரோ லோகநாதன், அதே கம்பெனியில் சேருகிறவன். என்னிடம் சொன்னதை அவன் மறந்தே போயிருந்தான். நான் நினைவுபடுத்தவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதை நீ நம்ப வேண்டும்.

நான் யோசித்தது மிகவும் எளிமையான விஷயம். இந்த முறை அவன் ப்ராஜெக்ட் கொடுக்காவிட்டால் அடுத்தது நவம்பரில் கொடுக்கலாம். ஆறு மாதம். பெங்களூர் போய்விடும், ஆனால் அவனுக்கு இங்கேயே வேறு வேலை கிடைக்கும். ஆறு மாதத்தில் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

ஏப்ரல் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணிக்குச் சுந்தரராமன் ஸ்டிக்கரை ஒட்டினான். கட்டைவிரல் நகத்தால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தான். பெட்டியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அறையைப் பூட்டும் முறை அந்த வாரம் என்னுடையது. நான் அந்த ஸ்டிக்கரை உரித்தேன். அது சுலபமாக வந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறையைப் பூட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் மறுநாள் விதிப்படி நடந்தது.

திங்கட்கிழமை அவன் ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தான். வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தான். மறுபடியும் போட்டான். பதினோரு தடவை. நான் எண்ணினேன்.

"நா ஒட்டினேன்டா. தேச்சுக்கூட விட்டேன்."

குப்புராஜ் பதறிப்போனார். "அம்மா சத்தியமா சார், ஸ்டிக்கர் இருந்தா நா கைய வெப்பனா? எடுக்கும்போதே மொட்டையா இருந்திச்சு சார்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே கடைசியாக அறையைப் பூட்டியவன்.

"பூட்டும்போது பாத்தேன்டா," என்றேன். "ஸ்டிக்கர் இல்ல. நீதான் வேணாம்னு விட்டுட்டியோன்னு நெனச்சேன்."

பிரிண்ட் அவுட் எதுவும் கிடையாது. பேராசிரியர் சம்மதித்த பிறகுதான் பிரிண்டரைத் தொட விடுவார்கள். அவனுடைய முறை அந்த வாரம்தான் வரவிருந்தது. ரயில் நேரங்கள் எழுதின நோட்டை வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தான். நான் கூடவே இருந்தேன். உங்கள் வீட்டில்தான் மதியம் சாப்பிட்டேன். "ஜெபா மாதிரி ஒரு சிநேகிதன் கெடைக்கணுமே" என்று உன் அம்மா சொன்னாள். நீ அப்போது ப்ளஸ் டூ பரீட்சை முடித்திருந்தாய். நீதான் எனக்கு ரசம் ஊற்றினாய்.

அவனால் எழுதியிருக்க முடியும். அவன் மூளையில் எல்லாம் இருந்தது. ஆனால் பத்து வரி எழுதுவான், பிறகு முதல் வரியை எழுதினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பான். ஒட்டியதாக நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் ஒட்டவில்லையாம். அப்படியென்றால் வேறு எதைத்தான் நம்புவது? இதை அவனே என்னிடம் கேட்டான். மே மாதக் கடைசியில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தான். ஜூலையில் கேஸ் அடுப்பின் குமிழ். தீபாவளிக்குள் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நவம்பரும் போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர்கள், மாத்திரைகள், உன் அப்பாவின் மரணம். நீ காலேஜ் முடித்த கையோடு சேலையூரில் டீச்சராகச் சேர்ந்தது. உனக்கு வந்த இரண்டு வரன்களும் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

நான் இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. ஒரு வண்டி ஏழு நிமிடம் நின்றால் பின்னால் என்ன ஆகும் என்று அவன்தான் கணக்கிடத் தெரிந்தவன். எனக்கு அந்தப் படிப்பு அந்த அளவுக்கு வரவில்லை.

ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அஸ்தினாபுரத்தில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயிறு, அன்றும் வந்தேன். ஹாலில் அவன் நாற்காலியில் இருப்பான், நான் பெஞ்சில். இரண்டு மணி நேரம் பேசாமல் இருப்போம். நீ காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விடுவாய்.

அக்டோபரில் நீ கேட்டது இது. பழைய பாடத்திட்டத்தில் முடிக்காமல் விட்டவர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறது, நவம்பர் முப்பது மாலை ஐந்து மணிக்குள் ப்ராஜெக்டைக் கொடுத்தால் போதும். "ஜெபா அண்ணா, அவனோட பழைய பிரிண்ட் அவுட், ஒரு துண்டுக் காகிதம், எது இருந்தாலும் போதும். டாக்டர்கூடச் சொல்றார், அந்த ஒண்ணு முடிஞ்சா அவன் மாறலாம்னு. நீங்க அந்த லேப்லதானே வேலை பாக்கறீங்க, தேடிப் பாருங்களேன்." அப்போது உன் கை கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது. நான் தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

நான் தேட வேண்டியிருக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை ஸ்டிக்கரை உரிப்பதற்கு முன்னால், அவனுடைய ஃப்ளாப்பியில் இருந்ததை முழுவதும் என்னுடையதில் பிரதி எடுத்துக்கொண்டேன். ஒருவனுடைய ஒன்றரை வருஷ உழைப்பை அழிய விடுகிற ஆள் நான் இல்லை. ஜூன் மூன்றாம் தேதி கழிந்ததும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தத் தேதி கழிந்தபோது, இது எப்படி என்னிடம் வந்தது என்று கேட்பான் எனத் தோன்றியது. அப்புறம் ஒவ்வொரு மாதமும் அந்தக் கேள்வி கொஞ்சம் பெரிதாயிற்று. அவன் உங்கள் வீட்டுக் கூடத்தில் அழுதுகொண்டிருந்த நாட்களில், யாருக்கும் தெரியாமல் லேப்பிலிருந்து கொண்டுவந்த அது என் பையில் இருந்தது. இப்போது என் பீரோவில் இருக்கிறது. ஃப்ளாப்பிகள் நாளடைவில் கெட்டுவிடும் என்பதால், வருஷா வருஷம் மே மாதத்தில் புதியது ஒன்றுக்கு மாற்றி வைக்கிறேன். ஒரு வரிகூடக் குறையவில்லை. லேப்பில் அந்தப் பழைய மெஷின் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

நேற்று மாலை ஐந்து மணிவரை நான் லேப்பில் உட்கார்ந்திருந்தேன். பிரிண்டரில் புது ரிப்பன் போட்டு, காகிதமும் மாட்டி வைத்திருந்தேன். நாற்பது நிமிட வேலை. நாலு மணிக்குக்கூட நேரம் இருந்தது. ஐந்து அடித்ததும் பிரிண்டரை அணைத்து, உறை போட்டு மூடினேன். இதை முன்பே எழுதியிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய், அவன் வைவாவுக்குப் போய் நாலு பேர் முன்னால் நின்றிருப்பான். தேறியும் இருக்கலாம். தேறினால் எங்காவது வேலைக்குப் போய்விடுவான். அந்த அலைச்சலை அவன் உடம்பு தாங்காது. இதையெல்லாம் யோசித்துத்தான் இன்று எழுதுகிறேன்.

வரும் ஞாயிறு வழக்கம்போல வருவேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வாரமும் நான் கிளம்பும்போது அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நா ஒட்டினேனாடா ஜெபா?" என்று கேட்பான். "இல்லடா, நீ ஒட்டல" என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் கையை விடுவான். அந்த ஒரு பதிலில்தான் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது. தயவுசெய்து நீ அவனிடம் வேறு எதையும் சொல்லிவிடாதே.

ஜெபசீலன்
1.12.1998