அடையாளம் காணப்படாத திரவம்

என் பெயர் சாமினி நோபேட். வயது இருபத்தெட்டு. கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். மணமாகாதவள், இது எதற்கு என்று கேட்டேன், பொலிசில் வழக்கம் என்றார்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா நோபேட் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். ஓய்வுபெற்ற பின் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கலாம் என்று, இப்போது என்மீது முறைப்பாடு செய்திருக்கும் வெள்ளவத்தை நிறுவனத்தில் புதுக் கார் வாங்கினார். அந்த நிறுவனம் ஒரு வெளிநாட்டுக் கார்த் தயாரிப்பாளரின் இலங்கை முகவர். கையளிக்கும் நாளில் வாங்குபவரின் மதத்தைப் பார்த்து, காரைக் கோயிலுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ கொண்டுபோய்ப் படமெடுத்துத் தங்கள் முகநூல் பக்கத்தில் போடுவது அவர்களின் வழக்கம். எங்கள் காரைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தவர் விற்பனை அலுவலர் மெல்ரோய். தேவாலயத்துச் சுவாமி காரைச் சுற்றித் தீர்த்தம் தெளித்து முடித்த பின் மெல்ரோய் தானாகவே எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்து, "ஃபாதர், எஞ்சினுக்கும் கொஞ்சம்" என்றார். சுவாமி சிரித்துக்கொண்டு சில துளிகள் தெளித்தார். அதன் பின் மெல்ரோய் படமெடுத்தார். படத்தில் திறந்த பொனற்றுக்குப் பக்கத்தில் கைகூப்பி நிற்பவர் அப்பா. எடுத்தவர் படத்தில் இல்லை.

சில மாதங்களின் பின் பாமன்கடைச் சந்தியில், பிள்ளைகள் உள்ளே இருக்க, கார் நின்றுவிட்டது. எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுது என்று சொன்னது அவர்களுடைய கராஜ்தான். உத்தரவாதக் காலம், அதுதான் வொறண்டி, முடியவில்லை. அதன் பின் நிறுவன முகாமையாளர் கார்த்திகன், உத்தரவாதக் கோரிக்கையோடு அந்தப் படத்தையும் தயாரிப்பாளருக்கு அனுப்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "இருக்கிறது எல்லாம் அனுப்பத்தானே வேணும், மிஸ்" என்றார். கடல் கடந்து இருக்கும் பொறியியலாளர்கள், சடங்கொன்றின்போது உரிமையாளர் அடையாளம் காணப்படாத திரவத்தை எஞ்சினில் ஊற்றியதால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் அனுப்பினார்கள். படித்தவர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பின் கார்த்திகன் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, தவறு அப்பாவுடையதே என்று கையொப்பமிட்டால் பாதி விலைக்குப் பெட்டியை மாற்றித் தருவதாகச் சொன்னார். மெல்ரோய் பக்கத்தில் இருந்தும், தான் பொனற்றைத் திறந்ததைச் சொல்லவில்லை. தன் தவறுதான் என்று அப்பா நம்பிவிட்டார். அன்றிலிருந்து அவர் பூசைக்குப் போகவில்லை. "நான்தானே மகள் ஃபாதரைக் கூப்பிட்டனான்" என்று சாப்பிடும்போதும் சொல்வார். இன்று காலை அவர் கையொப்பமிடப் புறப்பட்டபோது நானும் கூடப் போனேன்.

ஷோறூமில் அதே வகைக் கார் ஒன்று நின்றது. சாவி உள்ளேயே இருந்தது. நான் பொனற்றைத் திறந்து, தேவாலயத்தில் நிரப்பிக்கொண்டு போன போத்தலிலிருந்து, சுவாமியைவிடத் தாராளமாகத் தெளித்தேன். அதன் பின் உள்ளே ஏறி ஸ்ராட் பண்ணினேன். எஞ்சின் அமைதியாக ஓடியது. கார்த்திகன் ஓடிவந்து, "மிஸ், உங்களுக்கு விசரா? இது வித்த கார், நாளைக்குக் குடுக்க வேணும்" என்றார்.

"பயப்பிடாதீங்கோ, வொறண்டி இருக்குத்தானே" என்றேன்.

காவலாளி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார்த்திகன் பொலிசைக் கூப்பிட்டார். பொலிஸ் வரும்வரை நான் எஞ்சினை நிறுத்தவில்லை.

வாகனத்துக்குச் சேதம் விளைவித்தேன் என்பது முறைப்பாடு. தெளித்ததை நான் மறுக்கவில்லை. நிலையத்துக்கு வந்த பின் சார்ஜன்ட், என்ன சேதம் என்று கார்த்திகனிடம் சிங்களத்தில் கேட்டார். சேதம் என்று சொன்னால் நாளைக்கு அந்தக் காரைக் கொடுக்க முடியாது. கார்த்திகன் சிங்களத்திலேயே, சேதம் ஒன்றுமில்லை, இவ்வளவு தண்ணீருக்கு எஞ்சின் பழுதாகாது என்றார். அந்த வசனத்தை அவர் சொன்னபடியே அவருடைய முறைப்பாட்டில் எழுதி, பிரதி ஒன்றை எனக்குத் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா கையொப்பமிடவில்லை. அப்போது அவர் கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. அவருக்குச் சிங்களம் நன்றாக விளங்கும்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது, நடந்ததையே சொன்னேன்.

(ஒப்பம்)
சாமினி நோபேட்