பின்வாசல் வாளி

விளக்கைத் தணித்துவிட்டுக் கிட்ட வாருங்கள். மெதுவாகத்தான் சொல்ல முடியும். சுவருக்கு அந்தப் பக்கம் ரோசலின் அக்கா விழித்துத்தான் இருப்பார்.

அயர்லாந்தின் இந்தச் சின்ன ஊரில் யேசு பிறந்த நத்தார் விடுமுறைக்கு ஒரு கடையும் திறக்காது. பஸ் ஓடாது. டப்ளினில் இருந்து வந்த உங்களுக்கு இந்த அமைதி சுகமாக இருக்கும். அக்காவின் புருசன் யோக்கிம் அண்ணனுக்கு இது ஆகாது. வருடா வருடம் இந்த இரவில் மட்டும் முதியோர் இல்லத்தில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். எனக்குச் சொன்னது அவருடைய மருமகன்... ஊரில் என்னோடு படித்தவன்.

பின்னேரம் ஐந்தேகால். தொண்ணூறாம் ஆண்டு, நத்தாருக்கு முதல் நாள். மட்டக்களப்பு வாவியைக் கடந்து போகும் தாம்போதி வீதி. இரண்டு பக்கமும் தண்ணீர். நடுவில் ஒரு சைக்கிள். அதில் யோக்கிம் அண்ணன் மட்டும்...

ஆறு மணிக்கு ஊரடங்கு. நடுச்சாமப் பூசையையே அந்த வருடம் பகல் மூன்று மணிக்கு வைத்து முடித்துவிட்டார்கள். ஒரு சீனவெடிச் சத்தம் இல்லை. வெடித்தால் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றியில் இருந்து பதிலுக்கு வெடிக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது.

அண்ணன் நகரத்துக்கு, புளியந்தீவுக்குப் போனது மச்சானைத் தேடி. அக்காவின் ஒரே தம்பி அருளப்பு. இருபத்திரண்டு வயது. விடிய எழும்பி வீச்சுவலையோடு வாவிக்குள் இறங்கி இறால் பிடிப்பவன். செப்டம்பரில் ஒரு நாள் சேற்றுக் காலோடு வந்து, அக்கா அப்போதுதான் மெழுகிய நிலத்தில் மிதித்துவிட்டான். அக்கா வாயில் வந்தபடி ஏசிவிட்டார். பொடியன் சோறுகூடத் தின்னவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நகரத்துக்குப் புறப்பட்டவன்தான்... திரும்பவில்லை.

தாம்போதி முடிகிற இடத்தில் ஒரு சென்றி இருந்தது. ஊரில் இருந்து வெளியே போகிறவர் அடையாள அட்டையை அங்கே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது அட்டையில் இருக்கிற முகத்தையும் ஆளின் முகத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். தகப்பனுடையதை மகன் கேட்டாலும் கிடைக்காது. அருளப்பு அட்டை கொடுத்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அப்படி ஒருவன் வரவே இல்லை என்று சென்றியில் கையை விரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா வாசல்படியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் காத்திருந்தார். அவன் வந்தால் கால் கழுவட்டும், நான் இனி ஒரு சொல் ஏசமாட்டேன் என்று அழுவார்.

அன்றைக்கும் நகரத்தில் இல்லை என்றுதான் பதில். அண்ணன் வெறுங்கையோடு மிதித்து வந்தார்.

பாதித் தாம்போதியில்... கறீச்.

பின் கரியரின் கம்பி. ஆள் ஏறி உட்கார்ந்தால் வருகிற சத்தம். சைக்கிள் ஒருதரம் ஆடி, பிறகு கனத்தது. சில்லுக்குக் காற்றுப் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தார். காற்று இருந்தது. அப்போது சேற்று மணம் வந்தது. வாவிச் சேறு, அதில் இறால் மணம். பிறகு... டொக். டொக். குதிக்காலால் மட்காட் கம்பியில் தட்டுகிற சத்தம். கரியரில் ஏறினால் அருளப்பு அப்படித்தான் தட்டுவான். எத்தனை தரம் சொல்லியும் விட்டதில்லை.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. பயம். வேறு ஒன்றும் இல்லை, பயம்தான்.

சென்றிக்கு முன்னால் இறங்கி உருட்ட வேண்டும். இறங்கினார். கனம் குறைந்தது. சேறு மிதிபடும் சத்தம் மட்டும் பின்னாலேயே வந்தது. உள்ளே இருந்தவன் அந்த வாரம்தான் மாறி வந்த இளம் ஆமிக்காரன். பெட்டியைக் கிளறி ஒரு அட்டையை எடுத்து அண்ணனின் முகத்தைப் பார்த்தான். சரி. இன்னொன்றை எடுத்தான். அதைப் பார்த்தான்... அண்ணனின் தோளுக்குப் பின்னால் பார்த்தான். திரும்ப அட்டையைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"ரெண்டு ஆள், ரெண்டு ஐசி. ஆறு மணி வருது. ஓடு, ஓடு."

இரண்டையும் அண்ணனின் கையில் வைத்தான். இரண்டாவது அட்டையில் அருளப்பு சிரித்துக்கொண்டிருந்தான்.

என்னுடையது இல்லை என்று சொன்னால் ஆள் எங்கே என்று கேட்பான். சொல்லாவிட்டால்... அண்ணன் சொல்லவில்லை. சைக்கிளில் ஏறினார். கறீச். வீடு வரைக்கும் டொக், டொக்.

அண்ணன் வேலிப் படலையைத் திறக்க முன்னமே அக்கா கதவைத் திறந்துவிட்டார். அண்ணனை அவர் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்திட்டியா மனே... காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வா. சோறு கிடக்கு."

பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். சளக்... சளக்... ஒரு கால். மற்றக் கால். நின்றுவிட்டது.

அப்போதுதான் அண்ணன் திரும்பினார். வாளியில் பாதித் தண்ணீர். வேறு யாரும் இல்லை. அவன் எங்கே என்று அக்கா கேட்டார். அண்ணன் அட்டையை நீட்டினார். அதைக் கண்டதும் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆமிக்காரன் கண்டான், அவள் கண்டாள். நான் மட்டும் திரும்பிப் பார்க்கல்ல, மனே." மருமகனிடம் இதைச் சொல்லிவிட்டு அண்ணன் குழந்தைப்பிள்ளை போல் அழுதாராம்.

இங்கே வந்த பிறகும் இந்த இரவில் அக்கா பின்வாசலில் வாளி வைக்கிறார். இந்த ஊர்க்காரர் ஜன்னலில் மெழுகுதிரி வைக்கிறார்கள், வழிதேடி வருபவருக்கு என்று. அதனால் வாளி எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

போன நத்தார் விடிய நான் குப்பை போட வெளியே போனேன். புல்லெல்லாம் உறைபனி. ஒரு காலடி கூட இல்லை. அக்காவின் வாளியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. பூனை தட்டியிருக்கும் என்று குனிந்து பார்த்தேன். அடியில் கறுப்பாகச் சேறு. மணத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நாம் எல்லாரும் அந்தக் கரையில் பிறந்தவர்கள்.

சேற்றுக்குள் ஏதோ அசைந்தது. விரலை விட்டுக் கிளறினேன்.

ஒரு இறால் குஞ்சு. உயிரோடு.