டயரில் இருந்த மண்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயது தாண்டிய இரண்டு பெண்கள்.

"கார் டயரைக் கழுவிட்டாருன்னு மூணு நாளா என் வீட்டுக்காரர்கிட்ட பேசலைங்க."

"டயருக்காகவா?"

"பொண்ணு கடைசியா திருவெள்ளறை போயிட்டு வந்த மண்ணு அதுல இருந்துச்சு. அவ தவறி எட்டு மாசமாச்சு, நான் தண்ணியே பட விடலை. இந்த வாரக் கடைசியில காரை வாங்க ஆள் வராங்கன்னு நல்லா தேய்ச்சுக் கழுவி, கருகருன்னு பாலிஷ் வேற போட்டுட்டாரு."

"அவருக்கும் கஷ்டமாத்தானே இருந்திருக்கும்."

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. அந்த அம்மா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில ஷெட்டைக் கூட்டப் போனேன். செவுத்தோரம் இருக்கிற டயர்ல மட்டும் மண்ணு அப்படியே இருக்கு. அதை அவரு தொடவே இல்லைங்க."